எழுத்து ஏட்டில், ஓசை ஆசானின் வாயில்



நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிழைப்பை நாடித் திருவனந்தபுரத்துக்கு வந்து, இங்கேயே வீடெடுத்து, இங்கேயே பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஞாயிறுதோறும் தமிழில் தேவனை ஆராதிக்கிற குடும்பங்கள் அநேகம். அக்குடும்பங்களின் வாலிபரிடத்தில் அண்மைக்காலமாக ஒரு வாஞ்சையைக் காண்கிறோம். பழைய ஏற்பாட்டை அது எழுதப்பட்ட எபிரெய மொழியிலேயே வாசிக்கவேண்டும் என்பதே அந்த வாஞ்சை. பகலெல்லாம் கடையிலோ அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ வேலை செய்கிறவர்கள் வேதாகமக் கல்லூரிக்குச் சென்று முழுநேரம் பயில இயலாது. ஆகவே மாலை வேளையில் தனியாக ஓர் ஆசிரியரை அமர்த்திக் கற்கலாமா என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியோடு வேறு இரண்டு கேள்விகளும் சேர்ந்தே வருகின்றன. ஆவியானவர் சகல சத்தியத்திலும் நடத்துகிறவராயிருக்க, மனித ஆசான் எதற்கு? தாய்மொழி வேதாகமம் கையில் இருக்க, எபிரெயம் எதற்கு? இவை தள்ளிவிடத்தக்க கேள்விகள் அல்ல. உழைத்துச் சம்பாதித்த பணமும், குடும்பத்துக்குரிய நேரமும், தமிழ் வேதாகமத்தின்மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கையும் இவற்றில் அடங்கியிருக்கின்றன. ஆகையால் இம்மாதம் இவற்றைச் சற்று நிதானமாய்ச் சிந்திப்போம்.

முதலாவது, எபிரெய மொழியின் தன்மையைக் கவனியுங்கள். அதில் 22 எழுத்துக்கள் உண்டு. வலமிருந்து இடமாக எழுதப்படும். 119-ஆம் சங்கீதம் 22 பகுதிகளாகவும், பகுதி ஒன்றுக்கு 8 வசனங்களாகவும் மொத்தம் 176 வசனங்களாய் அமைந்திருப்பதற்கு அந்த அகரவரிசையே காரணம். நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தில் குணசாலியான ஸ்திரீயைக் குறித்த 22 வசனங்களும் அவ்வரிசையிலேயே தொடங்குகின்றன. ஆனால் அந்த 22 எழுத்துக்களும் மெய்யெழுத்துக்களே. தமிழில் 'க' என்று எழுதினால் அதற்குள் அகரம் இருக்கிறது; 'கி' என்றால் இகரம் கண்ணுக்குத் தெரிகிறது. பழைய எபிரெயச் சுருள்களிலோ உயிரோசைக்கென்று தனிக்குறி கிடையாது. நான்கைந்து மெய்யெழுத்துக்கள் மாத்திரம் நிற்கும். ஓரிரு எழுத்துக்கள் சிற்சில இடங்களில் நெடிலோசையைச் சுட்டிக்காட்டும்; மற்றதை வாசிக்கிறவன் அறிந்திருக்கவேண்டும். 1947 முதல் சவக்கடலின் ஓரத்துக் குகைகளில் கண்டெடுக்கப்பட்ட சுருள்கள் அப்படித்தான் இருக்கின்றன.

அப்படியானால் அந்த ஓசை எங்கே காக்கப்பட்டது? ஆசானின் வாயிலும் மாணாக்கனின் செவியிலும். தலைமுறை தலைமுறையாக ஒருவர் வாசிக்க, அவர் எதிரே அமர்ந்த மற்றொருவர் திரும்பச் சொல்லிக் கற்றுக்கொண்டார். ஏழாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில், கலிலேயாக் கடலோரத்துத் திபேரியா ஊரிலும் பிற இடங்களிலும் இருந்த மசோரேத்தியர் என்னும் யூத அறிஞர்களே அந்த ஓசைகளைப் புள்ளிகளாகவும் சிறு கோடுகளாகவும் எழுத்தின் கீழும் மேலும் குறித்துவைத்தார்கள். எபிரெய வேதாகமம் முழுவதும் அடங்கிய மிகப் பழைய கையெழுத்துப் பிரதி ஏறக்குறைய 1008-ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. அது ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பாதுகாக்கப்படுகிறது.

இதற்கு நாம் அனைவரும் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. தேவனுடைய பரிசுத்த நாமம் யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கிறது. வாசிக்கும் யூதரோ பயபக்தியினால் அதை அப்படியே உச்சரியாமல், 'என் ஆண்டவர்' என்று பொருள்படும் 'அதோனாய்' என்ற சொல்லைச் சொல்லுவார்கள். மசோரேத்தியர் அந்த நான்கு எழுத்துக்களின்மேல் 'அதோனாய்' என்பதன் உயிர்க்குறிகளை இட்டது, இங்கே இப்படி வாசி என்று நினைப்பூட்டவே. பிற்காலத்தில் அந்த மெய்களையும் அந்த உயிர்களையும் ஒன்றுசேர்த்து வாசித்ததினால் 'யேகோவா' என்ற வடிவம் பிறந்தது. நம் தமிழ் வேதாகமம் பெரும்பாலும் 'கர்த்தர்' என்று சொல்லுவது அந்தப் பழைய வாசிப்பு மரபைத் தழுவியே. எழுதியிருப்பது ஒன்று, வாசிப்பது வேறொன்று. அச்சிட்ட தாளை மாத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு இது எப்படி விளங்கும்? அருகில் ஒருவர் அமர்ந்து சொல்லிக்கொடுக்கவேண்டும்.

ஆவியானவர் இருக்க ஆசான் எதற்கு என்ற கேள்விக்கும் இங்கே விடையுண்டு. அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் ஆகமத்தை வாசித்துக்கொண்டிருந்தான். ஆவியானவர் அவனுக்கு நேரடியாகவே விளக்கியிருக்கலாம். ஆனால் அவர் பிலிப்புவை அனுப்பினார். ஒருவன் வழிகாட்டாவிட்டால் தனக்கு எப்படி விளங்கும் என்று அந்த மந்திரியும் தாழ்மையாய்க் கேட்டான். நெகேமியா 8-ஆம் அதிகாரத்திலும் நியாயப்பிரமாணம் வாசிக்கப்பட்டபோது, ஜனங்களுக்கு அதன் அர்த்தத்தை விளங்கப்பண்ண லேவியர் நின்றார்கள். ஆசானைத் தருகிறவரும் ஆவியானவரே.

சபைச் சரித்திரத்தில் எபிரெயத்துக்காகத் தனி ஆசானைத் தேடி அலைந்தவர்களில் முதன்மையானவர் ஜெரோம். நாலாம் நூற்றாண்டில் பிறந்து 420-ஆம் ஆண்டில் மரித்த இவர், பழைய ஏற்பாட்டை எபிரெயத்திலிருந்து லத்தீனுக்கு மொழிபெயர்த்தவர். சீரியாவின் வனாந்தரத்தில் தவவாழ்வு வாழ்ந்த நாட்களில், கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டிருந்த ஒரு யூத சகோதரரிடம் இவர் அகரவரிசையிலிருந்து கற்கத் தொடங்கினார். லத்தீன் இலக்கியத்தில் தேர்ந்த பண்டிதர் அவர். எனினும் எபிரெயத்தின் தொண்டையோசைகள் அவருக்குப் பெரும் போராட்டமாயின. பலமுறை மனந்தளர்ந்து விட்டுவிட்டதையும், மறுபடியும் தொடங்கியதையும், அந்தக் கசப்பான விதையிலிருந்து இனிய கனிகளைப் பறித்ததையும் முதிர்வயதில் ஒரு நிருபத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

பின்பு பெத்லகேமில் குடியிருந்தபோது, பார் அனினா என்ற யூதர் இரவு வேளையில் வந்து அவருக்குக் கற்பித்தார். தம்முடைய ஜனத்தார் அறிந்தால் என்னவாகுமோ என்ற பயத்தினால் அவர் இரவில் வந்தாராம். ஆகவே ஜெரோம் அவரை நிக்கொதேமுவுக்கு ஒப்பிடுகிறார். யோபின் புஸ்தகத்தை விளங்கிக்கொள்ளவோ, பேதுரு ஐனேயாவைக் குணமாக்கின அந்த லித்தா ஊரைச் சேர்ந்த ஓர் ஆசிரியருக்குக் கணிசமான தொகையைக் கூலியாகக் கொடுத்தார். அதனால் எவ்வளவு பயனடைந்தேன் என்று சொல்ல அறியேன், ஆனால் விளங்கிக்கொண்டதை மாத்திரமே மொழிபெயர்த்தேன் என்ற கருத்தை அவர் யோபுக்கு எழுதிய முன்னுரையில் காண்கிறோம். பணங்கொடுத்துக் கற்ற பின்பும் பெருமை பேசாத அந்த மனதைக் கவனியுங்கள்.

இது தூரதேசத்துக் கதை என்று எண்ணவேண்டாம். நாம் குடியிருக்கிற இந்தக் கேரள மண்ணுக்கு எபிரெய எழுத்து புதிதல்ல. திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கொல்லத்தில், கி.பி. 849-இல் தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவ ஆலயத்துக்கு வழங்கப்பட்ட செப்பேடுகள் இன்றும் உள்ளன. சாசனம் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சாட்சிகளின் கையொப்பங்களோ அரபியிலும், பழைய பாரசீகமாகிய பகலவியிலும், எபிரெய எழுத்தில் எழுதப்பட்ட பாரசீகத்திலும் காணப்படுகின்றன. நம் முன்னோர் எழுதிய வட்டெழுத்தும் எபிரெய எழுத்தும் ஒரே சாசனத்தில் சந்தித்து ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன!

மலையாள வேதாகமத்தை மொழிபெயர்த்த பெஞ்சமின் பெய்லி ஐயர் 1817 முதல் கோட்டயத்தில் ஊழியம் செய்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1829-இலும் முழு வேதாகமம் 1841-இலும் வெளிவந்தன. அந்தப் பணியில் எபிரெயத்துக்கு அவருக்குத் துணைநின்றவர் மோசே இசார்பாத்தி என்ற யூத அறிஞர். நம் அயலார் தங்கள் தாய்மொழியில் சங்கீதங்களை வாசிப்பதற்குப் பின்னால் ஒரு யூத ஆசானின் உழைப்பும் இருக்கிறது. 1948-இல் இஸ்ரவேல் தேசம் உருவானபின் கொச்சியின் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். 1568-இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தை இன்று பார்வையாளர்களே மிகுதியாக நாடி வருகிறார்கள். அண்டை வீட்டில் எபிரெய ஆசான் இருந்த காலம் கேரளத்தில் கடந்துபோயிற்று.

நம்முடைய தமிழ் வேதாகமத்தின் கதையோ இன்னும் உருக்கமானது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் எபிரெயம் கற்றவர். ஆனால் தமிழ் அறியாதவர். அவர் ஒரு திண்ணைப்பள்ளி ஆசிரியரை அழைத்து, சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். அவ்விதமாய்க் கற்றவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புஸ்தகம்வரை மொழிபெயர்த்து, 1719-இல் தமது 36-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 1720-களில் சூல்ட்சே அதை நிறைவுசெய்தார்; பின்பு பப்ரீசியுஸ் ஆண்டுக்கணக்காய் உழைத்துப் புதிதாய் மொழிபெயர்த்தார்; அதன்பின் பவர் ஐயர் முதலானோரின் திருத்தம் 1871-இல் வெளிவந்தது. நம் கையில் இருக்கும் வேதாகமம் இப்படிப்பட்ட மாணாக்கர்களின் கண்ணீரிலும் வியர்வையிலும் விளைந்தது. ஆகையால் எபிரெயத்தில் ஓரிரு பாடம் கற்றவுடன் தமிழ் வேதாகமம் தவறு என்று பேசத் துணியாதிருங்கள்.

அப்படியானால் நாம் எதற்காகக் கற்கவேண்டும்? மொழிபெயர்ப்பு பிழையானது என்பதனால் அல்ல. ஒரு மொழியின் பாத்திரத்தில் உள்ளதெல்லாம் மற்றொரு மொழியின் பாத்திரத்தில் கொள்ளாது என்பதனால். 68-ஆம் சங்கீதம் 11-ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் தந்த வசனத்தைப் பிரசித்தப்படுத்துகிறவர்களின் பெருங்கூட்டத்தைப்பற்றி அங்கே வாசிக்கிறோம். எபிரெயத்தில் அந்தச் சொல் பெண்பாற் பன்மையில் இருக்கிறது. நற்செய்தியை அறிவிக்கும் ஸ்திரீகள் என்பதே அதன் வடிவம். தமிழில் 'அவர்கள்' என்னும் பன்மை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மொழிபெயர்த்தவர்மேல் குற்றமில்லை, நம் மொழியின் இலக்கணம் அப்படி. ஆனால் சபையில் சாட்சி சொல்லத் தயங்கி நிற்கிற ஒரு சகோதரி இதை அறிந்தால் எவ்வளவு தைரியமடைவாள்!

தமிழருக்கு எபிரெயம் எட்டாக் கனியும் அல்ல. தமிழில் 'இது வீடு' என்று சொன்னால் போதும். மலையாளத்தில் முடிவில் 'ஆணு' சேர்க்கவேண்டும் என்று இங்கு வந்த புதிதில் கற்றுக்கொண்டீர்கள் அல்லவா? எபிரெயம் இதில் தமிழைப்போன்றது. 23-ஆம் சங்கீதத்தின் முதல் வாக்கியத்தில் 'இருக்கிறார்' என்ற வினையே இல்லை. கர்த்தருடைய நாமமும் 'என் மேய்ப்பர்' என்பதுமாக இரண்டே சொற்கள். வந்தான், வந்தாள் என்று நம் வினைச்சொல் ஆணையும் பெண்ணையும் பிரித்துக் காட்டும். மலையாளத்தில் இருவருக்கும் 'வந்நு' என்பதே. எபிரெய வினையும் தமிழைப்போலப் பாலைக் காட்டுகிறது. தமிழில் ஒரே ககரம் 'கல்' என்பதில் வன்மையாகவும் 'பகல்' என்பதில் மென்மையாகவும் ஒலிப்பதுபோல, எபிரெயத்தின் சில எழுத்துக்களும் சொல்லின் தொடக்கத்தில் வன்மையாகவும் உயிருக்குப்பின் மென்மையாகவும் ஒலிக்கும். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களுக்கு 1 இராஜாக்கள் 10:22-இல் உள்ள 'துக்கி' என்ற எபிரெயச் சொல், நம் 'தோகை' என்ற சொல்லிலிருந்து சென்றதாகக் கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் எடுத்துக்காட்டினார்.

இனி, ஆசானைத் தேடுகிறவர்களுக்குச் சில ஆலோசனைகள்.

முதலாவது, எந்த எபிரெயம் என்பதைத் தெளிவாய்க் கேளுங்கள். இஸ்ரவேலில் பராமரிப்புப் பணி செய்து திரும்பிய மலையாள சகோதர சகோதரிகள் பலர் எபிரெயம் பேசுவார்கள். அவர்கள் பேசுவது இக்கால எபிரெயம். எழுத்தும் பெரும்பாலான சொற்களும் ஒன்றே. ஆனால் வேதாகம எபிரெயத்தின் வினையமைப்பு வேறு. எழுத்தையும் உச்சரிப்பையும் அவர்களிடம் கற்கலாம். வேதத்தை வாசிக்க வேதாகம எபிரெயம் பயின்றவரையே நாடுங்கள். நம் நகரில் கண்ணம்மூலையில் 1943-இல் தொடங்கப்பட்ட கேரள ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது. செராம்பூரின் இறையியல் படிப்பில் எபிரெயமும் ஒரு பாடம். அத்தகைய கல்லூரிகளில் பயின்று தேறிய போதகர்கள் நம் நடுவிலேயே இருக்கக்கூடும். உங்கள் போதகரிடம் விசாரியுங்கள். அருகில் எவரும் இல்லாவிடில், கைபேசித் திரையின் வழியாகக் கற்பிக்கும் ஆசிரியரும் உண்டு.

இரண்டாவது, ஆசிரியரைச் சோதித்தறியுங்கள். ரூத்தின் முதலாம் அதிகாரத்தைத் திறந்து உரக்க வாசிக்கும்படி வேண்டுங்கள். தடையின்றி வாசித்து, சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லுகிறவர் உங்களுக்கு உதவுவார். வாசிக்காமலே எழுத்துக்களின் மறைபொருளையும் எண்களின் இரகசியத்தையும் பேசுகிறவரை விட்டு விலகுங்கள். ஒரே மாதத்தில் வேதம் முழுவதையும் வாசிக்கவைப்பேன் என்கிறவருக்கு முன்பணம் கொடாதிருங்கள்.

மூன்றாவது, கூலியை முன்னதாகவே பேசி, குறித்த நாளில் கொடுத்துவிடுங்கள். ஊழியந்தானே என்று இலவசமாய் எதிர்பார்க்கவேண்டாம். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன். செலவு பெரிதாய்த் தோன்றினால், மூன்று நான்கு பேராகச் சேர்ந்து கற்கலாம். வாரத்தில் இரண்டு வேளை ஆசானிடமும், அனுதினமும் இருபது நிமிடம் தனியேயும் செலவிட்டால் போதும். சத்தமாய் வாசியுங்கள், வீட்டிலுள்ள பிள்ளைகளும் கேட்டுப் பழகுவார்கள்.

நான்காவது, எழுத்தில் பொறுமையாயிருங்கள். தாலேத், ரேஷ் என்னும் இரண்டு எழுத்துக்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு முனையே வித்தியாசம். 'ஒருவர்' என்ற பொருளுள்ள 'எகாத்' தாலேத்தில் முடிகிறது. 'வேறொருவர்' என்ற பொருளுள்ள 'அகேர்' ரேஷில் முடிகிறது. கர்த்தர் ஒருவரே என்று சாட்சியிடும் உபாகமம் 6:4-இல் இந்தப் பிழை நேரிடாதபடி, யூத வேதபாரகர் அந்தத் தாலேத்தைப் பெரிதாகவே எழுதுவது வழக்கம். மத்தேயு 5:18-இல் ஆண்டவர் சிறு எழுத்தையும் எழுத்தின் உறுப்பையும் குறித்துச் சொன்னதின் ஆழம் அப்பொழுது உங்களுக்கு விளங்கும்.

ஐந்தாவது, கற்றதைக் கொண்டு மற்றவரை வெட்கப்படுத்தாதிருங்கள். 'ரூவாக்' என்ற எபிரெயச் சொல்லுக்குக் காற்று, சுவாசம், ஆவி என்று பல பொருள் உண்டு. ஓரிடத்தில் எந்தப் பொருள் என்பதை அந்த வசனமே தீர்மானிக்கவேண்டும். அகராதியில் கண்ட பொருள்களையெல்லாம் ஒரே வசனத்துக்குள் ஊற்றிப் பிரசங்கிப்பதும், அந்தச் சொல் இலக்கணத்தில் பெரும்பாலும் பெண்பாலாய் வருகிறதென்று அதன்மேல் ஓர் உபதேசத்தைக் கட்டுவதும் தகாது. எபிரெயத்தில் இப்படித்தான் இருக்கிறது என்று மேடையில் ஒருவர் சொல்லும்போது, சபையில் அதைச் சோதித்தறிய வல்லவர் எவருமில்லை. ஆகவே அப்படிச் சொல்லுகிறவருக்கு இரட்டிப்பான கணக்குண்டு. பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தவர்கள் தேவனுடைய மகத்துவங்களைத் தத்தம் ஜென்மபாஷையிலேயே கேட்டார்கள் என்பதை மறவாதிருங்கள். தமிழ் மாத்திரமே வாசிக்கத் தெரிந்த உங்கள் தாயாரின் வேதவாசிப்பு எவ்விதத்திலும் குறைவுபட்டதல்ல.

பிரியமானவர்களே, எழுத்தும் அடிப்படை இலக்கணமும் கற்று முடித்தபின், முதன்முதலாக வாசிக்க ரூத்தின் புஸ்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கே அதிகாரங்கள், 85 வசனங்கள், நடையும் எளிது. பஞ்சத்தினால் ஊரைவிட்டுப் பிழைக்கப்போன ஒரு குடும்பத்தின் கதை அது, நமக்கு அந்நியமானதல்ல. அதன் முதலாம் அதிகாரத்தில் 'திரும்புதல்' என்ற எபிரெய வினைச்சொல் 12 முறை வருகிறது. கடைசி வசனத்தில் அந்தச் சொல் ரூத்துக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. நகோமி திரும்பினாள் என்பது சரி. பெத்லகேமைத் தன் வாழ்நாளில் கண்டிராத மோவாபிய ஸ்திரீ எப்படித் 'திரும்ப' முடியும்? தேவனுடைய ஜனத்தோடு தன்னை இணைத்துக்கொண்டவளுக்கு, கால்வைத்திராத ஊரும் திரும்பி வருகிற வீடாகிறது. சொந்த ஊருக்கும் வந்த ஊருக்கும் இடையே நின்று, எது நம் வீடு என்று ஏங்குகிற நமக்கு, அந்த ஒரு சொல்லில் எவ்வளவு ஆறுதல் இருக்கிறது!

சீகன்பால்கு ஐயர் தமிழுக்குக் கொண்டுவந்த கடைசிப் புஸ்தகமும் அதுவே. அவர் பேனாவை வைத்த இடத்தில் நீங்கள் விரலை வைத்து, வலமிருந்து இடமாக, எழுத்தெழுத்தாய் வாசிக்கத் தொடங்குங்கள். உங்கள் வாசிப்பையும், உங்களுக்குக் கற்பிக்கிறவரையும், உங்கள் குடும்பத்தையும் கர்த்தர் தாமே ஆசீர்வதிப்பாராக. ஆமென்.